மூன்று மாதம் குனியாதே

பூபதிக்கு முதுகு டிஸ்க் ஆபரேஷனின் தையலைப் பிரித்த வெள்ளிக்கிழமைதான், தம்பி துளசிங்கம் கேரளக் கடலுக்குப் புறப்பட்டான். "மூணு மாசம் குனியாத அண்ணே. நம்ம முறைக்கு நான் வந்து வலை இழுக்கறேன்."

பழவேற்காட்டு ஏரியில் குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறைவைத்துத்தான் மீன் பிடிப்பார்கள். ஆறாவது வாரம் அவர்கள் முறை வந்தது, தம்பி வரவில்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கிய வலி போய்விட்ட தைரியத்தில் பூபதியே ஏரியில் இறங்கினான்.

"இன்னாய்யா, டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?" என்று கரையிலிருந்து கத்தினாள் மனைவி செல்வம்மாள்.

"டாக்டரா வந்து இழுப்பாரு?"

கரையேறும்போது இடது பாதம் மரத்துவிட்டது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் அதில் உணர்வு திரும்பவில்லை. அவன் முறை வேறொருவனுக்குப் போனது.

நான்கு வருடம் கழித்து, அதுவரை ஊர்ப்பக்கமே வராத தம்பியின் குரல் பதிவு போனில் வந்தது: "அண்ணே, எனக்கும் அதே ஆபரேஷன்னு சொல்றாங்க. பயமா கீது. நீ இப்ப நல்லாத்தான கீற?"