ஸ்டெல்லா டீச்சரின் சிவப்புப் புள்ளி

1. புதன்கிழமை வந்த பெட்டி

ஸ்டெல்லா டீச்சர் பிஸ்டல் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, இத விக்கணும். என்னெல்லாம் பேப்பர் வேணும்ணு சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை ஷூட்டிங் கிளப்பில், போட்டிக்குப் போகும் டீம் செலக்ஷன். நாலு பேருக்கு இடம். அதில் ஒரு இடத்துக்காகத்தான் டீச்சர் மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பிஸ்டலில் குறிபார்க்க ரெட் டாட் சைட் மாட்டியிருந்தார். மாட்டிக் கொடுத்தவன் நான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அமரவிளை வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கேரள எல்லைக்குள் இருக்கும் நெய்யாற்றின்கரையில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வருவதெல்லாம் பெரும்பாலும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்து அனுமதி பெற்றவர்களின் இரட்டைக்குழல் துப்பாக்கி. பிஸ்டல் அபூர்வம். ரெட் டாட் கேட்டு வந்த முதல் ஆள் ஸ்டெல்லா டீச்சர்தான்.

2. சைட் தேர்ந்தெடுத்த கதை

டீச்சருக்குக் காரோடு என்ற ஊர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், என்.சி.சி.யும் அவர் பொறுப்பு. அங்கே ரைபிள் பிடித்த கை அப்படியே ஷூட்டிங்கில் ஊறிவிட்டது. விளையாட்டு லைசென்ஸில் பாயின்ட் ஃபார்ட்டிஃபைவ் பிஸ்டல் வைத்திருக்கிறார். நல்ல உதை உதைக்கும் சாமான்.

ஐம்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வந்தது. குழல் முனையில் இருக்கும் இரும்பு சைட் அவருக்கு மங்கிவிட்டது.

"டார்கெட்டப் பாத்தா சைட்டு தெரியல்ல, சைட்டப் பாத்தா டார்கெட்டு தெரியல்ல. இந்த ரெட் டாட்டும் சரியாகல்லேண்ணா நான் நிறுத்தியாச்சு அண்ணா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ரெட் டாட் என்றால் சின்னக் கண்ணாடிச் சில்லு. அதில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். இரண்டு கண்ணையும் திறந்து டார்கெட்டை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன்மேல் வந்து உட்காரும். வெள்ளெழுத்துக்காரருக்கு வரப்பிரசாதம்.

டீச்சர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பார்க்க அழகாக இருந்தது.

"டீச்சரே, இது ஏர்கன்னுக்கு உள்ளது. உங்க பிஸ்டல்ல வச்சா சைக்கிள் மணிய லாரியில கெட்டினதுபோல ஆகும். மூணு மேகசின் குண்டு தாங்காது."

ஃபார்ட்டிஃபைவில் ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு என்ற மேல்பாகம் பின்னால் பாய்ந்து முன்னால் வந்து மோதும். சைட் அதன் முதுகில் சவாரி செய்கிறது. அந்த அடியைத் தாங்குவதுதான் முதல் தகுதி. அடுத்தது, பேட்டரியை மேலிருந்தே மாற்ற வசதி இருக்க வேண்டும். அடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் சைட்டைக் கழற்றி மறுபடி ஜீரோ பார்க்கணும், அதாவது புள்ளி இருக்கும் இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்யணும். நம் ஊர் மழைக்கு நாலு பக்கமும் மூடிய மாடல் நல்லது. புள்ளியின் அளவை எம்ஓஏ என்பார்கள். ஆறு எம்ஓஏ புள்ளி இருபத்தைந்து கஜத்தில் ஒன்றரை அங்குலத்தை மறைக்கும். மூன்று அதில் பாதி. கண்ணுக்குச் சட்டென்று அகப்படட்டும் என்று ஆறை எடுத்தோம்.

வந்ததும் டீச்சர் பார்த்துவிட்டு, "அண்ணா, புள்ளி சிதறின மாதிரி இருக்கு. சாமான் கேடா?" என்றார். போன் கேமராவில் பார்க்கச் சொன்னேன். அதில் உருண்டையாகத் தெரிந்தது. கேமராவில் உருண்டை, கண்ணில் சிதறல் என்றால் கோளாறு கண்ணில். வெளிச்சத்தைக் குறைத்ததும் சரியானது. "நீங்க டாக்டராக்கும்!" என்றார். எனக்குத் தலைக்கனம் ஏற அது போதாதா?

3. நான் சொன்ன ஒரு வார்த்தை

டீச்சரின் பிஸ்டலில் ஸ்லைடின் மேலே சைட்டுக்கென்று வெட்டு உண்டு. அதில் அடாப்டர் பிளேட் என்ற தகடு, பிளேட்டின்மேல் சைட், மொத்தம் நாலு ஸ்க்ரூ. உதையில் இளகாமலிருக்க மரையில் நீலப் பசை தொட்டு, முறுக்களவு வைக்கும் டார்க் டிரைவரில் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். 'டிக்' என்று சத்தம் வந்தால் நிறுத்தணும். எல்லாம் செய்தேன். ரேஞ்சில் ஜீரோவும் வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் குண்டெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் விழுந்தது.

மூன்றாம் வாரம் டீச்சர் டார்கெட் காகிதங்களோடு வந்தார். ஒன்றில் குண்டெல்லாம் இடப்பக்கம். இன்னொன்றில் வலப்பக்கம் மேலே.

"அண்ணா, சைட்டு அனங்குதோ, எடம் மாறுதோ? நீங்க ஒருக்கா பாப்பீங்களா?"

நான் கையில்கூட வாங்கவில்லை. "சைட்டுக்கு ஒண்ணும் இல்ல டீச்சரே, நான் கெட்டினதாக்கும். வயசாச்சில்லியா? கை கொஞ்சம் அனங்கத்தான் செய்யும்."

டீச்சர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் புதன்கிழமைதான் வந்தார், விற்பதற்கு.

4. இரண்டு விரலில் கழன்றது

விற்கப்போகும் சாமானைச் சுத்தம் செய்து வைப்பது கடை வழக்கம். டீச்சர் போனபிறகு மேகசினைக் கழற்றி, சேம்பரில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, சைட்டைக் கழற்ற டிரைவரை வைத்தேன். டிரைவரே தேவைப்படவில்லை. பிளேட்டின் ஸ்க்ரூ ஒன்று இரண்டு விரலில் கழன்று வந்தது. மரையில் நீலப் பசை இறுகாமல் வழுவழுவென்று இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் வெட்டுக்கத்தி, தையல் மெஷின், கேட்டுக் கொண்டி, எந்த இரும்பானாலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடாமல் மனசு ஆறாது. என் மேஜையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பி இருக்கும். டீச்சர் வீடு கடலுக்குப் பக்கம், உப்புக்காற்று அடிக்குமே என்று அக்கறையாக நாலு ஸ்க்ரூவையும் அதில் முக்கி எடுத்திருக்கிறேன். கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. எண்ணெய் பட்ட மரையில் பசை பிடிக்காது. பிளேட்டோடு வந்த காகிதத்தில், ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடணும் என்று கம்பெனிக்காரன் படம் போட்டே சொல்லியிருந்தான். முப்பத்திரண்டு வருட ஆர்மரர் அதையெல்லாம் படிப்பானா?

முதலாளி விக்ரமன் எட்டிப் பார்த்தார். "எந்து பற்றி செல்லையா?" என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டார்.

"டீச்சருக்க கையில ஒரு கோளாறும் இல்ல முதலாளி. எக்க கையிலதான்."

அவர் சிரித்த சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரோட்டுக்குப் போனேன். டீச்சர் கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ எக்க கை?" என்றார்.

"கைக்கு ஒண்ணும் இல்ல. தப்பு எக்கதாக்கும். நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது."

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"கண்ணாடி மாத்தினேன் அண்ணா. டம்பெல் தூக்கினேன். கை நடுங்கப்பிடாதுண்ணு ரெண்டு மாசமா ஜெபம் பண்ணினேன்" என்றவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு திடீரென்று சிரித்தார். "ஸ்க்ரூவில எண்ணய விட்டா கர்த்தர்தான் என்ன செய்வாரு?"

சிரித்தது நல்லதுதான். ஆனால் விற்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. "கெட்டுங்க, பாப்போம். சனிக்கிழமை கழிஞ்சு சொல்லுறேன்" என்றார்.

5. நகப்பூச்சு

அன்று மாலையே டீச்சர் கடைக்கு வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் உட்காருவதுபோல. எண்ணெய்க் குப்பியைத் தாமே எடுத்து ஜன்னலில் வைத்தார். ஸ்க்ரூ, மரை, பிளேட்டின் அடி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். காயவிட்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பிறகுதான் பசை, பிறகு முறுக்கு, 'டிக்'.

ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு சின்னக் கோடு போட வேண்டும். ஸ்க்ரூ இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். போன தடவை அதையும் போடவில்லை. டீச்சர் பையிலிருந்து மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்தார். பிளேட் ஸ்க்ரூவில் இரண்டு, சைட் ஸ்க்ரூவில் இரண்டு, நாலு கோடும் அவரே போட்டார். கை துளிகூட நடுங்கவில்லை.

ஒரு முழு நாள் பசை இறுகட்டும் என்று விட்டோம். வெள்ளிக்கிழமை ரேஞ்சில் மணல்மூட்டைமேல் கையைத் தாங்கவைத்து ஜீரோ பார்த்தோம். ஐம்பது ரவுண்டு போனது. கோடு அசையவில்லை.

சனிக்கிழமை நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், ரேஞ்சின் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் சுடச்சுட நான் நாலு கோட்டையும் மனசில் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்டேஜ் முடிந்து டார்கெட்டைக் கொண்டு வந்தார்கள். நடுவில் இருந்த ஓட்டைகளை ஒரு சாயா கிளாஸால் மூடிவிடலாம். டீச்சருக்கு மூன்றாம் இடம். டீமில் பெயர் வந்துவிட்டது.

இந்த மேஜைக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானோடு வரும் காகிதத்தைப் படியுங்கள். சுட்டவர் சந்தேகப்பட்டுக் கேட்டால், அவர் கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நான் மிச்சம் பிடித்ததால்தான் ஒரு ஆள் இரண்டு மாதம் தன் கையையே நம்பாமல் நடந்தார்.

ஆட்கள் கைகொடுத்து முடித்ததும் டீச்சர் நேராக என்னிடம் வந்தார். பெட்டியை என் மடியில் வைத்தார்.

"விக்கல்ல அண்ணா. போட்டிக்குப் போறதுக்கு முன்ன ஸ்க்ரூவெல்லாம் ஒருக்கா பாத்துத் தாருங்க."

"கோடு அனங்கல்லியே டீச்சரே. நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். கண்ணாடி போட்டுப் பாருங்க" என்றார் டீச்சர். "வயசாச்சில்லியா?"