ஐந்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள்

லூவீனியா ட்ராமெல் பதினோரு வருடம் ஜார்ஜியாவின் டால்மர் ஊரில் வெள்ளைக்காரர்களுக்குத் துணி வெளுத்தாள். ஒன்பது வீடுகள். திங்கள் காலை மூட்டை வரும். செவ்வாய் இஸ்திரி. புதன்கிழமை திரும்பிப் போகும். துணி மாறிவிடாமல் இருக்கக் காலரின் உட்புறத்தில் வீட்டுக்கு ஒரு நிறத்தில் இரண்டு தையல் போட்டு வைப்பாள். சட்டைப் பையில் எது கிடந்தாலும், பித்தானோ சில்லறையோ கடிதமோ, அதைக் கைக்குட்டையில் முடிந்து மூட்டையின் மேலேயே வைத்துக் கொடுத்துவிடுவாள். ஒன்பது வீடு சேர்ந்தது அதனால்தான்.

1937 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவள் கணவன் ஆசா, பருத்தி மில் முதலாளி ஹாடக்கின் காருக்கு வண்டியை ஓரம் கட்டவில்லை. ஓரத்தில் பள்ளம் இருந்தது. கோவேறு கழுதை கிளப்பிய தூசி காருக்குள் போனது. அன்று மாலை ஷெரிப் அவனைப் பாதுகாப்புக்காக என்று சொல்லி லாக்கப்பில் வைத்தார். மறுநாள் வெள்ளைக்காரர் சர்ச் முடிந்ததும், உடை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல், ஒரு கூட்டம் லாக்கப்புக்குப் போய் அவனை ஆற்றுப் பாலத்துக்கு இழுத்துச் சென்றது. மத்தியானம் இரண்டு மணி. யாரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. லூவீனியாவும் ஒன்பது வயது மகள் ஸெல்மாவும் தங்கள் கறுப்பர் சர்ச்சில் பெஞ்சுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். கார்கள் போகும் சத்தமும் திரும்பி வரும் சத்தமும் கேட்டது. பிறகு சர்ச் ஆட்கள் போய் உடலை எடுத்து வந்தார்கள். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள்.

திங்கள் காலை ஏழரைக்கு ஹாடக் வீட்டுச் சமையல்காரி டெம்பி, மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"இன்னைக்குமா அக்கா?"

"நான் சொல்லிப் பாத்தேண்டி. 'திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமைதான், அவ கை நல்லாத்தானே இருக்கு'ன்னுட்டா அந்த வீட்டு மகராசி."

"வெச்சுட்டுப் போங்க."

"அடுப்புல போட்டுக் கொளுத்து. நாய் இழுத்துட்டுப் போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"ஒம்பது வீட்டுத் துணியையுமா நாய் இழுக்கும்?"

"இந்த ஊரு நாய்ங்க எதை வேணா இழுக்கும்டி."

டெம்பி போன பிறகு அவள் கொப்பரைக்குத் தீ மூட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை அதன் போக்கில் வேலை செய்தது. சட்டைக் கைமடிப்பில் பைன் மரத்துத் தார் இருந்தது. பன்றிக் கொழுப்பு தேய்த்து எடுத்தாள். முன்பக்கத்தில் ரத்தம் இருந்தது, ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர். மண்ணெண்ணெய் வாடை போகக் காரச் சோப்பு போட்டு நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டாள். அப்படி ஐந்து சட்டைகள் இருந்தன, ஐந்து வீட்டு நூல். எதையும் அவள் யோசிக்கவில்லை.

பையைப் பார்க்காமல் ஒரு சட்டையை அவள் தண்ணீரில் போட்டது அன்று மட்டும்தான். ஹாடக்கின் சட்டையைப் பிழியும்போது விரலில் ஏதோ தட்டியது. நீல வேலைத்துணியில் இரண்டு விரல் அகலத் துண்டு, கத்தியால் அறுத்தது. அதில் பழுப்பு நூலில் ஒட்டுத்தையல். வசந்தத்தில் நீல நூல் தீர்ந்துபோய், ஆசாவின் முழங்காலுக்கு அவள் போட்ட தையல். இப்படிக் கும்பலாய்க் கொல்பவர்கள் ஞாபகத்துக்கு ஒரு துண்டு அறுத்து வைத்துக்கொள்வது வழக்கம்.

கொடியில் ஐந்து சட்டைகளும் பளிச்சென்று தொங்கின. அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை ஹாடக்கின் மனைவி மிஸ் எட்னா தானே வந்தாள்.

"லூவீனியா, அவரு பையில ஏதோ வெச்சிருந்தாராம். நீ மேல முடிஞ்சு வைக்கலையே?"

"பையில உங்களுது ஒண்ணும் இல்லைங்கம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாவே பாத்தேங்கம்மா."

மிஸ் எட்னா திரும்பிப் போனாள். அடுத்த திங்கள் ஹாடக் வீட்டு மூட்டை வரவில்லை. மாதம் முடிவதற்குள் ஒன்பது வீடும் நின்றுபோனது.

மிஸ் எட்னா வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை, கோர்ட்டில் மரண விசாரணை நடந்தது. ஜூரி ஆறு பேர். அவர்களில் மூன்று பேர், செவ்வாய்க்கிழமை அவள் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி மடிப்பு கலையவில்லை.

"பாலத்துல யாரையாவது நீ கண்ணால பாத்தியா?" என்றார் விசாரணை அதிகாரி.

"பாக்கலைங்க. ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. பெயர் தெரியாத நபர்களின் கையால் மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு தேவைதான். அந்த ஐந்து பெயரும் ஏதாவது ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். யாரையும் தூக்கில் போட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபரில் அட்லாண்டாவிலிருந்து வெர்னெல் ஓட்ஸ் என்ற ஆசிரியை வந்தாள், பைபிள் விற்பவள்போல. கறுப்பர் உரிமைக்காக நியூயார்க்கில் இருந்த சங்கம் அனுப்பிய ஆள். இப்படிக் கும்பலாய்க் கொல்வதைத் தடுக்க வாஷிங்டனில் ஒரு சட்டம் வரப்போகிறது, அதற்குச் சாட்சி சேர்க்கிறோம் என்றாள். லூவீனியா ஐந்து பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஸெல்மாதான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தாள்.

"சட்டைங்க இப்ப எங்க இருக்கு?"

"அவங்க மேலதான்."

"கறை ஏதாவது மிச்சம் இருக்குமா?"

"இருக்காது. எனக்கு என் வேலை தெரியும்."

ஆசிரியை நோட்டை மூடினாள். "எதுக்கும்மா துவைச்சீங்க?"

"திங்கக்கிழமை."

துணித்துண்டை ஆசிரியை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் தென்மாநில செனட்டர்கள் அந்தச் சட்டம் வராமல் இருக்க எழுந்து நின்று வாரக்கணக்கில் பேசினார்கள். பேச்சு நிற்காமல் ஓட்டெடுப்பு இல்லை. பிப்ரவரியில் சட்டத்தை ஓரமாக எடுத்து வைத்தார்கள். ஏப்ரலில் சங்கத்திலிருந்து ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. மேசையில் வைத்து ஸெல்மா வாசித்தாள்.

"ஆசா ட்ராமெல், வயசு முப்பத்தி நாலு. காரணம், கார்மேல தூசி. கொன்னவங்க..."

"ம்."

"ஊர்ப் பெரிய மனுஷங்கன்னு போட்டிருக்கும்மா."

"பேரு?"

"இல்ல."

கூடவே ஒரு கடிதம். கறையில்லாமல் வெறும் தையலை மட்டும் வைத்துப் பெயர் அச்சிட்டால் அவதூறு வழக்கு வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். ஆசிரியை மன்னிப்புக் கேட்டிருந்தாள். துணித்துண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லூவீனியா இரண்டு முறை எழுதிக் கேட்கச் சொன்னாள். சங்கத்து ஆபீஸ் இடம் மாறியதில் எங்கோ போய்விட்டது என்று பதில் வந்தது.

அந்த ஆண்டே தாயும் மகளும் சிகாகோ போனார்கள். அங்கே ஒரு நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை. துணிக்கு நம்பர் மட்டும்தான், ஆள் தெரியாது. யாராவது ஆசாவைப் பற்றிப் பேசி "யாரோ கொன்னுட்டாங்களாமே" என்றால் அவள் விடமாட்டாள். "யாரோ இல்ல" என்று ஐந்து பெயரையும் சொல்வாள். பஸ்ஸிலும் சொல்வாள், சர்ச் விருந்திலும் சொல்வாள். சிலர் தட்டோடு வேறு மேசைக்குப் போனார்கள். அவர்களுக்கும் ஊரில் இப்படி ஒரு பெட்டி இருந்தது. ஆனால் சொல்வதற்குப் பெயர் இல்லை. ஸெல்மாவுக்குக் கல்லூரி நாட்களில் அம்மாவோடு வெளியே போகக் கூச்சமாக இருந்தது. பிறகு அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலையில் சேர்ந்தாள். எவ்வளவு பழைய கறையானாலும் ரத்தமா இல்லையா என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்பதை அங்கே கற்றுக்கொண்டாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

1958இல் டெம்பியிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்து பேரில் மிஞ்சியிருந்த மருந்துக்கடைக்காரரும் போய்விட்டார். தூக்கத்திலேயே. நூறு கார் பின்னால் போனதாம், ஊரில் கடை திறக்கவில்லையாம்.

"இனிமே சொல்லி என்ன, யாரு காதுல விழப்போவுது?" என்றாள் லூவீனியா. அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயர்களைச் சொல்லி ஸெல்மா கேட்கவில்லை.

1961 மார்ச்சில் இதயம் பலவீனமாகி, மகள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்தார்கள். ஒரு இளம் நர்ஸ் படிவத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"இல்லம்மா. போயிட்டாரு."

"எப்படிப் போனாரு?"

ஸெல்மா பெயர்களுக்காகக் காத்திருந்தாள். டெம்பியின் கடிதம் வரும்வரை இந்த இடத்தில் அம்மா தயங்கியதே இல்லை.

"தெரியலம்மா" என்றாள் லூவீனியா.

நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். மகளும் அங்கேதான் நின்றிருந்தாள், அவளும் திருத்தவில்லை. அடுத்த கேள்வி, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்பது.