கல்லறைமேல் கருடக்கொடி

2024 நவம்பர் 2, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால். மேகமூட்டம், தூறல் இல்லை. கல்லறைத் திருநாள். கோயமுத்தூரில் எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டம் முழுக்கப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பளிச்சென்று இருந்தது. என் மனைவியின் கல்லறை மட்டும் புதருக்குள் கிடந்தது.

காரணம் நான்தான். சுற்றுச்சுவரிலிருந்து கருடக்கொடி இறங்கி அவள் கல்லறைச் சிலுவையைச் சுற்றியிருந்தது. அதில் ஒன்பது கூட்டுப்புழுக்கள். பொன்னழகி என்கிற பெரிய காட்டுப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்தக் கொடியில்தான். அது மலையைவிட்டு எவ்வளவு தூரம் கிழக்கே வருகிறது என்று ஏழு வருடமாகத் தேடுகிறேன். மலையோரத்து வடவள்ளிக்கு இப்பால் நான் பார்த்ததில்லை. இப்போது ஊருக்கு நடுவே, அதுவும் அவள் தலைமாட்டில்! செதுக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பல்லடத்திலிருந்து கொழுந்தியாள் மாலையோடு வந்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க மச்சான், ஆளு வரலீங்களா?"

"வந்தான். நாந்தான் வேண்டாம்னேன்." கூட்டுப்புழுக்களைக் காட்டினேன்.

"அக்கா உசுரோட இருந்தப்ப ஞாயித்துக்கெழம ஆனாக் காட்டுக்குப் போயிருவீங்க. இப்பக் காட்டையே அவ தலமாட்டுக்குக் கொண்டாந்துபோட்டீங்களாக்கும்!"

அவள் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். சூடு மேலே இலையில் பட்டது. நான் பதறி, ஊதி அணைத்துவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எல்லாக் கல்லறையிலும் சுடர் எரிந்தது, இங்கே மட்டும் இல்லை. அவர் போனதும் அவளும் கிளம்பினாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

ஆறாம் நாள் கூடுகள் உடைந்தன. வந்தது பொன்னழகி இல்லை. சிவப்பு வயிறும் கருப்பு இறக்கையுமாக, இதே கொடியில் வளரும் வேறொரு சாதி. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில்கூடப் பறப்பது. இரண்டின் கூட்டுக்கும் அளவிலேயே வித்தியாசம் உண்டு. தெரிந்தவன்தான் நான். ஆசையில் அளக்காமல் விட்டேன்.

கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். "அக்காவுக்கு நா எங்கூட்டுலயே மெழுகுவத்தி பத்த வெச்சுட்டேனுங்க. நீங்க பூச்சியப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆள் பிடித்துச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சுற்றிலும் வேறு எந்தக் கல்லறையிலும் விளக்கு இல்லை, ஆளும் இல்லை. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.