பதினோராவது கேள்வி

இங்கிரிட் கொடுத்த தாளில் பத்துக் கேள்விகள் இருந்தன. அதைத் தமிழில் எழுதியபோது உதயா பதினொன்றாக்கிவிட்டாள்.

நார்வேயிலிருந்து படமெடுக்க வந்திருந்த இங்கிரிட்டுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவளோடு வந்தவர் ஒரே ஒரு கேமராக்காரர். மற்றவர்கள் எல்லாம் திருப்பதியில் பிடித்த ஆட்கள். சவுண்டுக்குக் கிரண்குமார், கல்யாண வீடியோவில் ஆரம்பித்து, வெளிநாட்டுக் குழு வந்தால் முதலில் போன் வருகிற ஆளாக வளர்ந்தவன். மொழிபெயர்க்க உதயா. தமிழக எல்லையை ஒட்டிய நகரியில் பிறந்தவள், வீட்டில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. முடித்து மூன்று வருடமாகிறது. திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். படிக்கிறோமா, படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோமா என்பது அவளுக்கே சந்தேகம்.

நாம் உடுத்துகிற துணி யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் படம். விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் மனம் விட்டுப் பேச வேண்டும், அப்படி யாரையாவது தெரியுமா என்று இங்கிரிட் கேட்டாள். உதயா சட்டென்று, தான் நைனா என்று கூப்பிடும் அப்பா நாகபூஷணத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். மனம் விட்டுப் பேசுகிற ஆளா அவர்? இல்லவே இல்லை. பிறகு ஏன் சொன்னாள்? அந்தப் பதினோராவது கேள்விக்காகத்தான்.

'உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது உங்கள் மகள். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது?'

ரிசல்ட் வந்த அன்று திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தாள். அம்மா கிருஷ்ணம்மா கடைக்குப் போயிருந்தாள். நைனா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நைனா, நான் பாஸ்" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பெண் படித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். நேருக்கு நேர் கேட்கத் தைரியம் வரவில்லை. வெள்ளைக்காரி கேட்பதுபோலக் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

தறி ஷெட்டிலேயே வைத்துப் பேச வேண்டும், ஆனால் சத்தமே இருக்கக் கூடாது என்றாள் இங்கிரிட். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஷெட், அதற்குப் பின்னால் இன்னொரு ஷெட். நகரியில் அமைதிக்கு எங்கே போவது? கிரண்குமார் சிரித்துக்கொண்டே வாட்ஸப்பில் வந்த அறிவிப்பைக் காட்டினான்.

"சனிக்கிழமை பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் கரண்ட் கட். லைன்ல வேலையாம். ஊரே கம்முனு கிடக்கும். கேமரா, மைக் எல்லாம் பேட்டரிதானே? மேடம்கிட்ட சொல்லுங்க உதயா காரு."

கரண்ட் இல்லாத நேரத்தைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பதா என்று இங்கிரிட் முதலில் விழித்தாள். பிறகு கிரண்குமாரின் முதுகில் பலமாகத் தட்டினாள்.

சனிக்கிழமை பத்து மணி தாண்டியதும் கரண்ட் போனது. ஷெட்டின் எட்டுத் தறிகளும் ஒரேயடியாக நின்றன. கூரைத் தகரத்தில் காக்கா நடப்பதுகூட அங்கே கேட்கும் என்று உதயாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இன்னா நாகபூஷணம், ஹீரோ ஆயிட்ட. பவுடர் கிவுடர் பூசிக்கினு வரக்கூடாதா?" என்று எதிரில் வந்து நின்று கேட்டார் பக்கத்துத் தறி பக்கிரிசாமி.

"உன் மூஞ்சிக்குத்தான் பவுடர் வேணும். போடா!" என்றார் நைனா. எப்போதும்போல அதட்டுகிற குரல்.

கிரண்குமார் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "பேட்டிக்கு முன்ன ஒரு நிமிஷம் இந்த இடத்தோட வெறும் சத்தத்தைப் பிடிச்சிக்கணும். எடிட்டிங்ல ஒட்டுப்போடத் தேவைப்படும். யாரும் அசையாதீங்க, செருப்புகூடத் தேய்க்கக் கூடாது."

நைனா தன் தறியைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உதயா அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். ஒரு நிமிடம் போனது. கிரண்குமார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"நைனா, ஆச்சு. இந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

அவர் தறியில் பாவு நூலில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, உன்னத்தான்."

அதே முதுகு. மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே முதுகு. இத்தனை பேர் எதிரில்கூடவா? உதயாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நைனா!" என்று கத்தினாள்.

கிரண்குமார் ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறை. "அய்யோ, என்னைச் செவுடாக்கிடுவீங்க போலிருக்கே!"

யாரும் சிரிக்கவில்லை. நைனா நிதானமாக இன்னொரு பஞ்சை எடுத்தார்.

பக்கிரிசாமி உதயாவின் பக்கத்தில் வந்தார். "அவனுக்குக் காது கேக்காதும்மே."

"இன்னா மாமா சொல்ற?"

"மெய்யாலுமே உனக்குத் தெரியாதா? ஆறு வருசமாச்சே. சோத்தாங்கை பக்கம் சுத்தமா போச்சி. இந்தப் பக்கம் கிட்ட வந்து கத்துனா லேசா விழும். எதிர நிக்கிறவங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறான். எனக்கே பாதிதான் கேக்குது, போ. உங்கம்மாவுக்குத் தெரியும். ஆஸ்டல்ல படிக்கிற புள்ளைக்குச் சொல்லாதன்னுட்டான்."

அவள் போன் செய்தால் "ம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அலட்சியம் என்று நினைத்தாள். சாதாரணமாகப் பேசினாலே அதட்டுவார். கோபக்காரர் என்று நினைத்தாள். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார். அதைப் பற்றி எதுவும் நினைக்கக்கூட இல்லை. இரண்டாம் வருடத் தேர்வில், ஓயாத இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது எப்படிக் கெடுகிறது என்று டெசிபல் கணக்கோடு எழுதி முழு மார்க் வாங்கியவள் அவள். எழுதிய கையோடு ஒரு தடவையாவது இந்த ஷெட்டை நினைத்தாளா?

பக்கிரிசாமி தோளைத் தொட்டதும் நைனா திரும்பினார். "ஆரம்பிக்கலாமா?" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல.

உதயாவின் முகத்தைப் பார்த்து இங்கிரிட் என்ன ஆயிற்று என்றாள். ஒன்றுமில்லை என்றாள் உதயா. இன்னொரு ஸ்டூலை அவருக்கு நேர் எதிரில், முட்டி இடிக்கிற அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பத்துக் கேள்விகளுக்கும் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். எத்தனை வயதில் தறிக்கு வந்தார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதெல்லாம் நன்றாகவே வந்தது. இங்கிரிட் தன் தாளை மடித்தாள்.

உதயா பதினோராவது கேள்வியைக் கேட்டாள். எழுதி வைத்தபடி வரவில்லை. "நான் டிகிரி பாஸ் பண்ணப்ப உனக்கு எப்படி இருந்திச்சி நைனா?"

அவர் கேமராவைப் பார்த்தார். தலைக்கு மேல் நீட்டியிருந்த மைக்கைப் பார்த்தார். உதயா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து பல்பு எரிந்தது. லைன் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது போல. பக்கத்து ஷெட்டுகள் முதலில் இரைந்தன. இங்கே இருந்தவர்களும் காத்திருக்கவில்லை. ஆளாளுக்குப் போய்த் தறியை ஓட்டிவிட்டார்கள். நாகபூஷணத்தின் தறியையும் பக்கிரிசாமியே ஓட்டிவிட்டார். கிரண்குமார் ஹெட்போனைக் கழற்றிக் கையை விரித்தான். கேமராக்காரர் கேமராவை இறக்கினார்.

நைனாவின் முகம் தெளிந்தது. இரைச்சலுக்குள் அவர் வாய் மட்டும் அசைந்தது, குரலே இல்லாமல். தறிக்காரர்கள் பேசிக்கொள்வது அப்படித்தான். சின்ன வயதில் சோறு கொண்டுவந்த நாட்களில் உதயாவும் அதைப் பழகியிருந்தாள்.

'நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே.'

'சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன்.' அவளும் வாயைத்தான் அசைத்தாள்.

'எப்போ?'

'நீ துன்னுகினு இருந்த. பின்னால நின்னுகினு சொன்னேன்.'

அவர் அவள் பக்கம் குனிந்தார். 'ஊருக்கெல்லாம் சொன்ன. எனக்கு உங்கம்மா சொல்லித்தான் தெரியும். காது போனது உனக்குத் தெரிஞ்சிப்போச்சி, செவுட்டு நைனான்னு நீ வெக்கப்படறதா நெனச்சிக்கினேன்.'

மூன்று வருடம். இவளுக்கு இருந்த அதே மனத்தாங்கல் அவருக்கும் இருந்திருக்கிறது.

அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று இங்கிரிட் அவள் காதுக்குள் கத்தினாள். உதயா திரும்பவில்லை.

'நைனா, நான் பாஸ்.'

'எவ்ளோ மார்க்கு?'

எட்டு விரலைக் காட்டினாள், பிறகு ஒரு விரல். எண்பத்தொண்ணு என்று அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தறியில் நூல் அறுந்தது. எழுந்து போய்த் தறியை நிறுத்தினார், குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

உதயா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தறியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அவர் தலை நிமிர்ந்தால் தன் முகம் தெரிகிற இடத்தில் நின்றாள்.