மாமாவின் சீனா

டொலார்ட் புறநகரில் உள்ள மாமா வீட்டு பேஸ்மென்ட் என்றதும் எனக்கு முதலில் அவருடைய ரிமோட்தான் நினைவுக்கு வரும். வாங்கிய அன்று சுற்றியிருந்த பொலித்தீன் உறையை இன்றுவரை அவர் கழற்றவில்லை. சோபாவில் சாய்ந்தபடி, சீனாவின் அதிவேக ரயில் ஓடும் வீடியோவை நடுவில் நிறுத்தி, அந்த ரிமோட்டாலேயே திரையைச் சுட்டிக்காட்டுவார். "பாத்தியே பிள்ளை? இஞ்ச ஒரு மெட்ரோ ஸ்டேஷன் கட்ட முதல் அங்க ஒரு நகரத்தையே கட்டிப்போடுவாங்கள்." கோயிலில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிற எவருக்கும் இந்தப் பாடத்திலிருந்து தப்ப வழியில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தபோது சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களுக்குப் போனவர். போய்ப் பின்வரிசையில் இருந்தவர் என்று அம்மா சொல்வார். சீனாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. புலம்பெயர்ந்து இங்கே வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி முழங்கால் தேய்ந்தபோது, தொழிற்சங்கம்தான் வாதாடி அவருக்கு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தது. அதில் சாப்பிட்டுக்கொண்டே, சங்கம், வேலைநிறுத்தம் என்று மினைக்கெடாததால்தான் சீனா முன்னேறியது என்பார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய அவருக்குக் கூச்சமே கிடையாது.

அவருடைய ஒரே மகள், என் மச்சாள், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாயக் கல்லூரியில் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படித்த சீனப் பையனை நண்பன் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவனைத்தான் கட்டப்போகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குச் சீனா என்றால் உயிர், மறுக்கமாட்டார் என்று அந்தப் பேதை நம்பியிருந்தாள்.

மாமா அவனை இருத்திவைத்து அவனுடைய நாட்டைப் பற்றியே அவனுக்குப் பாடம் எடுத்தார். பொறுமையாகக் கேட்டவன், பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். வளர்ச்சி உண்மைதான், மண்வீட்டில் பிறந்த தன் தாய் இன்று மாடிவீட்டில் இருக்கிறார் என்றான். ஆனால் அரசாங்க ஆலையை மூடியபோது தகப்பன் தெருவுக்கு வந்தார். பெற்றோர் வேலை தேடிப் பெருநகரம் போனார்கள். அவனுடைய குடியிருப்புப் பதிவு சொந்த ஊரில் இருந்ததால் பெருநகரப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை. உறவினர் வீட்டில் வளர்ந்து, புதுவருடத்துக்கு மட்டும் தாயைக் கண்டானாம். இரண்டும் ஒரே நாட்டில்தான் நடந்தது என்றான்.

மாமா சிரித்தார். அவனுக்கு விளங்காது என்ற துணிவில் என் பக்கம் திரும்பி, "குளத்துக்குள்ள நிக்கிற மீனுக்குக் குளத்தின்ர அளவு தெரியாது பிள்ளை" என்றார். குளத்தையே காணாதவர் சொன்ன தத்துவம் அது.

அவன் போனபின் மச்சாள் விஷயத்தைச் சொன்னாள். மாமாவின் முகம் கறுத்தது. சனம் என்ன கதைக்கும், கோயிலுக்கு எந்த முகத்தோடு போவது என்று தொடங்கினார்.

"அவங்களைப் போல ஆக்கள் உலகத்திலயே இல்லையெண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?"

"சீனா வேற, சீனன் வேற" என்றார் மாமா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

பதிவாளர் முன் நடந்த கலியாண எழுத்துக்கு மாமா வரவில்லை. பிறகு மருமகனுக்கு அவனுடைய நாட்டிலேயே விதை ஆராய்ச்சி வேலை கிடைத்தது. குறை சொன்னவன் திரும்பிப் போனான், மச்சாளும் கூடப் போனாள். கொண்டாடியவர் டொலார்டில் இருக்கிறார். மகளின் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

அதன்பின் மாமாவின் பொருளாதாரப் பாடமும் தலைகீழாகிவிட்டது. சீனாவின் வளர்ச்சி வெறும் வீக்கமாம். கட்டிய மாடிகளில் பேய்தான் குடியிருக்கிறதாம், ரயில்கள் வெறுமையாக ஓடுகின்றனவாம். மகள் அங்கே போனதைத் தவிர அவர் அந்த நாட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை. அதே சோபா, அதே குரல், அதே அறியாமை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். பேஸ்மென்ட் திரையில் ஒரு ரயில் நிலையம் அசையாமல் நின்றது. மச்சாள் இருக்கிற நகரத்தின் பெயர் கீழே எழுதியிருந்தது. மாமா சோபாவில் இல்லை. நோகிற முழங்காலோடு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, நடைமேடையில் நின்ற கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. ரயில் வெறுமையாப் போகுதோ எண்டு பாத்தனான்."

நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. மச்சாளுக்குப் போன் எடுத்துத் தரவா என்று கேட்டேன். மாமா பொலித்தீன் சரசரக்க ரிமோட்டை அமத்தினார், ரயில் புறப்பட்டது. கூட்டம் கலைந்து நடைமேடை வெறுமையாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீடியோவை, அவர்கள் எல்லோரும் நின்ற இடத்துக்கே பின்னால் இழுத்தார்.