வெண்கல நெற்றியில் ஒரு பொட்டு

இரண்டு மாரிகாலத்துக்கு முன்னால், டென்மார்க்கின் எஸ்பியர்க்கிலிருந்து கொஞ்ச நேர ரயில் ஓட்டத்தில் வரும் எங்கள் சிறு நகரத்தில் நடந்தது இது. நூலகத்துக்கு முன்னால் உள்ள சதுக்கம். கார்த்திகை மாதம். அந்த மாதத்தில் இங்கே காலை என்று ஒன்று கிடையாது. இருட்டு மெல்ல வெளிறும், கடல் பக்கமிருந்து புகார் பனிமூட்டமாக வந்து அதையும் மூடும், கவனிக்காமல் இருக்கும்போது மறுபடி இருட்டாகிவிடும். அவ்வளவுதான் நாள்.

அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண் சிலை நிற்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவள். இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆளுயர வெண்கலம், பீடம் ஒரு படி உயரம்தான். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருப்பாள். அகலமான நெற்றி. வாய் பாதி திறந்திருக்கும். எனக்கு வயோதிபர் இல்லத்தில் காலை வேலை. தினமும் சைக்கிளில் அவளைக் கடந்துதான் போவேன். வருஷக்கணக்காகக் கடந்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. சிலையை யார் பார்க்கிறார்கள்?

அன்று பார்த்தேன். விளக்குக் கம்பத்தின் மஞ்சள் வெளிச்சம் புகாரில் ஊறிக் கிடந்தது. அவள் நெற்றியின் நடுவில் சிவப்பாக, வட்டமாக ஏதோ. அதிலிருந்து ஒரு கோடு மூக்கோரமாக வழிந்து மேலுதட்டில் வந்து தேங்கியிருந்தது. நான் சைக்கிளை நிறுத்தவில்லை. பின்னால் யாரோ பேசத் தொடங்கப்போவது போல முதுகு கூசியது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரி போனை நீட்டிப் படத்தைக் காட்டினாள். "நெற்றியில் சுட்ட மாதிரிச் செய்திருக்கிறார்கள்" என்றாள். உள்ளூர்ப் பத்திரிகையும் அதையே எழுதியிருந்தது: துப்பாக்கிக் குண்டு துளைத்த அடையாளம், பெண்களுக்கு விடுக்கப்பட்ட மிரட்டல். என் சிநேகிதி இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். "இவ்வளவு காலம் போன பிறகும் ஒருத்தி வாயைத் திறந்தால் நெற்றிக்குத்தான் குறி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நகரசபை ஆள் வந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். மறுநாள் காலை அது அங்கே மறுபடி இருந்தது. கழுவினான். மறுபடி இருந்தது.

பிறகொரு காலையில் நான் இறங்கிக் கிட்டப் போனேன். கிட்டப் போகும்போதே மணத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பெயின்டும் இல்லை, இரத்தமும் இல்லை. என் வீட்டுச் சாமித்தட்டில் இருக்கிற அதே குங்குமம்.

ஊர் காயத்தைப் பார்த்தது. நான் பொட்டைப் பார்த்தேன். எது கூடப் பயம் தந்தது என்று கேட்டால், எனக்குப் பொட்டுத்தான்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருஷம் என் கணவர் இறந்துபோனார். இங்கே எந்தச் சமயத்தவர் இறந்தாலும் கொண்டுபோய் வைக்கிற, தேவாலயத்தின் பக்கத்துச் சிற்றறையில் பெட்டியை மூடுவதற்கு முன்னால், அவருடைய அக்கா, என் மச்சாள், என் நெற்றியில் கைவைத்தார். பெருவிரலால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொட்டு வைக்காதே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் உழைக்கிறேன், வரி கட்டுகிறேன், தேர்தல் வந்தால் போய் வாக்குப் போடுகிறேன். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் மட்டும் கை நெற்றிவரை போய் விழுந்துவிடும்.

சிலையில் பொட்டு வந்த கார்த்திகைக்கு அடுத்த தை முடிந்ததும் என் ஒரே மகளுக்குக் கல்யாணம். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது தாரை வார்ப்பது அப்பாவும் அம்மாவும். அப்பா இல்லை. அப்படியென்றால் அம்மாவும் இல்லை என்பது எங்கள் வழக்கத்தின் கணக்கு. மச்சாளும் அவருடைய கணவரும் என் இடத்தில் இருப்பதாக முடிவாகியிருந்தது. மகள் டேனிஷில் சத்தம் போட்டாள், என் கல்யாணத்தில் என் அம்மாதான் நிற்பார் என்று.

"நீ டேனிஷில கத்தினாப்போல ஐயர் மந்திரத்தை மாத்துவாரோ?" என்றார் மச்சாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாழப்போற பிள்ளை. நல்ல காரியத்துக்கு முன்னால வெறும் நெத்தியோட ஆரும் நிக்கிறேல்லை. ஓமோ, இல்லையோ? நீயே சொல்லு."

நான் ஓம் என்றேன். வாய் சொன்னது. கை மட்டும் அந்தத் தண்ணீரை வார்க்க வேண்டும் என்று மடியில் கிடந்து தவித்தது.

இப்போது விளங்கும் உங்களுக்கு. என்னிடமிருந்து எடுக்கப்பட்டது, தானாக ஊரைச் சுற்றி அலைந்து, கடைசியில் ஒரு வெண்கலப் பெண்ணின் நெற்றியில் போய்க் குந்திவிட்டது போல இருந்தது. இரவில் படுத்தால் அவள் முகம் வந்தது. அவளுடைய உடம்பில் என் நெற்றி.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் எல்லோருக்கும் படத்தைப் பார்த்ததுமே அது குங்குமம் என்று தெரிந்திருந்தது. ஓர் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு எங்கள் நடுவில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இது எங்கட ஆக்களின்ர வேலை எண்டு வெள்ளைக்குத் தெரிஞ்சுதோ, சரி, முடிஞ்சுது கதை. ஒருத்தரும் வாயைத் திறக்காதையுங்கோ." ஒருவரும் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் மற்றப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் சிலையடியில் பெண்கள் விளக்கேந்திக் கூடினார்கள். என் டேனிஷ் சிநேகிதி கூப்பிட்டாள், போனேன். ஒருத்தி சம்பளத்தைப் பற்றிப் பேசினாள். ஒருத்தி, முன்னாள் புருஷன் இன்னும் வாசலில் வந்து நிற்கிறான் என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிறுத்தினாள். வாக்குக் கிடைத்துவிட்டது, மற்றதெல்லாம் எப்போது என்று ஒரு கிழவி கேட்டபோது கைதட்டினார்கள். விளக்குகள் ஆடியதில் சிலையின் கன்னம் அசைந்தது. கழுவியும் போகாத சிவப்பு நெற்றியில் மினுங்கிற்று. அங்கே நின்ற எல்லோருடைய நெற்றியும் வெறுமைதான்; அழிக்கப்பட்டது என்னுடையது மட்டும். அவள் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் விளக்கைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த திங்களன்று சிலைக்கு எதிரே கண்காணிப்புக் கமரா பூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யாராக இருந்தாலும் பிடிபடுவார்கள். திங்களுக்கு முன்னால் ஒரு நாள், வேலைக்குப் போகும் நேரத்துக்கு முன்பே புறப்பட்டுப் போனேன்.

புகார் தரையிலிருந்தே எழும்பி நின்றது. சைக்கிள் விளக்கு அதில் ஒரு முழம்கூடப் போகவில்லை. சதுக்கத்தின் விளிம்பில் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தேன். சிலை தெரிந்தது. பிறகு, இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தியின் முகத்தில் மற்றவளின் கை. நெற்றியோடு நெற்றி ஒட்டுவது போல நின்றார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. அப்போது பேச்சுக் கேட்டது. மெதுவாக, காய்ச்சல்காரப் பிள்ளையோடு பேசுவது போல. "கொஞ்சம் பொறு... கொஞ்சம் பொறு... முடிஞ்சுது."

அந்தக் குளிரில், அந்த வெறுமையில், தமிழ்! பேசியது எந்தப் பெண் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒருத்தி பீடத்திலிருந்து இறங்கினாள். நூலகத்தைத் துப்புரவு செய்பவர்கள் போடும் சட்டை. அதன் தொப்பிக்குள் என் மச்சாளின் முகம்.

அவர் திடுக்கிடவில்லை. "வந்திட்டியோ" என்றார், காத்திருந்தவர் போல.

"மச்சாள், என்ன செய்யிறியள்? கமரா பூட்டப் போறாங்கள். பொலிஸ் பிடிச்சா?"

"என்ர விரல் எரியுது பிள்ளை."

பெருவிரலை நீட்டிக் காட்டினார். "அண்டைக்கு உன்ர நெத்தியில இழுத்தது. கழுவக் கழுவப் போகுதில்லை. பெட்டையின்ர கலியாணத்தில உன்ர இடத்தில போய் நான் இருக்கவேணும் எண்டு நினைச்ச நாள் தொடக்கம் படுக்கேலாமல் எரியுது. இவவுக்கு வைச்சா ஒரு நாள் ஆறும். பேந்து எரியும்."

விரலைப் பார்த்தேன். தோல் வெடித்துச் சிவந்திருந்தது. துப்புரவு மருந்து தின்ற விரலா, குங்குமம் ஊறிய விரலா, அல்லது அவர் சொன்னது போலவேதானா, அந்த வெளிச்சத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

"அப்ப எனக்கு வையுங்கோ" என்றேன். நான் சொன்னதை நானே கேட்டுப் பயந்தேன்.

"மாட்டன்."

"ஏன்? ஆர் என்ன சொல்லுவினம்?"

"சனத்துக்குப் பயந்தே நான் அழிச்சனான் எண்டு நினைச்சனி?" மச்சாளின் மூச்சு வெள்ளையாக வந்து என் முகத்தில் பட்டது. "என்ர தம்பி செத்தவன். அவன் போனதுக்கு இந்த ஊரில ஒரு துரும்பு ஆடேல்லை. பஸ் ஓடுது, கடை திறக்குது. உன்ர நெத்தி ஒண்டுதான் அவன் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியுது. அதையும் மூடச் சொல்லுறியோ?"

இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வழக்கம் என்றும் சாத்திரம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் துக்கத்தை என் நெற்றியில் எழுதி வைத்திருந்தார், அழியாமல் இருக்கவேண்டும் என்று.

"அவர் என்ர மனுசன்தான் மச்சாள்" என்றேன். "ஆனா இது என்ர நெத்தி."

பஸ் ஒன்று வெளிச்சத்தை எங்கள் மேல் இழுத்துக்கொண்டு போனது. மச்சாள் நூலகத்துக்குள் போனார். ஒவ்வொரு தளமாக விளக்கு எரிந்து மேலே ஏறியது.

பொட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நூலகத்துக்குள் இந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்று யாராவது யோசித்தால் போதும், மச்சாள் பிடிபட்டுவிடுவார். பீடத்தில் ஏறினேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. கைக்குட்டை எடுத்து வரவில்லை. பெருவிரலை வைத்து இழுத்தேன். ஒரே இழுப்பு. வெண்கலம் அந்தக் குளிரில் நெருப்புப் போலச் சுட்டது. கையை எடுத்த பிறகும் சுட்டது. ஒரு பெண்ணின் நெற்றியிலிருந்து அதை எடுக்கிற விரலுக்கு என்ன ஆகும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. வேலைக்குப் போய்ச் சுடுதண்ணீரில் நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் சிலையில் எதுவும் வரவில்லை. கமராவுக்குப் பயந்துவிட்டார்கள் என்று ஊர் நிம்மதியடைந்தது. நானும் மச்சாளும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கல்யாணச் சாமான் வாங்கினோம், பலகாரம் சுட்டோம், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. தாரை வார்ப்பதும் மாறவில்லை.

கல்யாணத்தன்று காலை மகள் எடுத்து வைத்த அரக்குச் சேலையை உடுத்திக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு மூன்றாவது வரிசையில் போய் இருந்தேன். மண்டபத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே புகார் முகத்தை ஒட்டி நின்றது. ஐயர் நிமிர்ந்து, "தாரை வார்க்கிற ஆக்கள் வாங்கோ" என்றார்.

மச்சாளின் கணவர் எழுந்தார். மச்சாள் எழும்பவில்லை.

"எனக்கு முழங்கால் ஏலாது ஐயா. சம்மணம் கொட்டி இருக்கமாட்டன்."

"என்னப்பா, விடிய ஏணியில ஏறியெல்லோ மண்டபம் சோடிச்சனி?" என்றார் கணவர்.

"அதாலதான் ஏலாது." மச்சாள் திரும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெத்தவள் சும்மாதானே இருக்கிறாள். அவளைப் போகச் சொல்லுங்கோ."

முன் வரிசைகள் முழுக்க என் பக்கம் திரும்பின. மணவறையிலிருந்து மகள் பாதி டேனிஷில் கூப்பிட்டாள். "கொம் நு, அம்மா. வாங்கோ."

நடந்தேன். ஐயர் என் நெற்றியைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். முகூர்த்தம் கடந்துகொண்டிருந்தது. குங்குமத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் விரலைத் தோய்த்து என் நெற்றியில் நானே வைத்துக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. மச்சாளின் கணவர் தள்ளி நின்று செம்பை என் கையில் தந்தார். தண்ணீர் மகளின் உள்ளங்கையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று மாலை, முழங்கால் ஏலாத மச்சாள் கதிரைகளை இரண்டிரண்டாகத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று அடுக்கினேன். "சேலை நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

சிலையாக நிற்கிறவளுக்கு, தனக்கு வாக்குரிமையைத் தராதவர்கள் யார், எங்கே போய்க் கேட்பது என்று தெரிந்திருந்தது. என் நெற்றியைப் பற்றி இந்த நாட்டில் ஒரு சட்டமும் இல்லை; பொட்டை எடுத்தது தம்பியை இழந்து தவித்த ஓர் அக்காவின் பெருவிரல். அவரையும் இழக்காமல் அதைத் திருப்பிக் கேட்க முடியும் என்று தெரியாமலே நான் அவ்வளவு நாளும் இருட்டில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் இன்றும் சில காலைகளில் என்னைத் திடுக்கிட்டு நிற்க வைக்கிறது.