ஒற்றை ஸ்லீவ்

மூன்று வருஷம் இருக்கும். மழை விட்டும் விடாமலும் அடித்துக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம். தாராவியில் நான்கு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம், பிளவுஸ், ஆண்டு விழா டிரெஸ் என்று எது வந்தாலும் தைப்போம். அந்த வருஷம்தான் முதல் முறையாக டிவி வேலை கிடைத்தது. இந்திச் சேனல் ஒன்றில் குழந்தைகள் டான்ஸ் போட்டி. அதில் ஆடுகிற பிள்ளைகளில் ஒருத்தி கல்யாணிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை. எட்டு வயசு. தமிழ் தெரிந்த டெய்லராக இருந்தால் நல்லது என்று அவளுடைய அம்மா சொல்ல, யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சந்தில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்தேன்.

ஷோவில் உடை விஷயம் பார்க்கிற பெண் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். பெரியவர்கள் கிளப்பில் ஆடும்போது போடுகிற மாதிரியான உடுப்பு அது. அதையே எட்டு வயசு அளவுக்குச் சின்னதாக்கிக் கேட்டார்கள். ஒரு நிமிஷம் எனக்கே என்னமோ போலத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வந்த வாய்ப்பு நழுவிவிடக் கூடாது என்கிற நினைப்பில் அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அளவெடுக்கும்போது அந்தப் பிள்ளை, "ஆன்ட்டி, இதுக்கு ஸ்லீவ் வைப்பீங்களா?" என்று கேட்டாள். சின்னக் குரல். நான் சிரித்துக்கொண்டே, "டிவியில வாறவளுக்கு ஸ்லீவ் எதுக்குட்டி?" என்றேன். அவள் அம்மாவும் சிரித்தாள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

டிரெஸ் போட்டு அவள் ஆடினாள். ஷோவுக்கு முன்னால் போடுகிற விளம்பரத்தில் அவள் ஆடுகிற வீடியோத் துண்டைத்தான் காட்டினார்கள். இரண்டே நாளில் ஊரே கொதித்தது. குழந்தைகளை இப்படியா காட்டுவது என்று ஒரு கூட்டம், ஆடுவதில் என்ன தப்பு என்று இன்னொரு கூட்டம். செய்திச் சேனல்களில் ஆறு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்துகிறவர்களுக்குப் பக்கத்திலேயே அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். பிள்ளையின் முகத்தை மறைக்க வேண்டும் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் யூனிட்டில் கட்டிங் பார்க்கிற அண்ணன் போனில் அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். "கீழ என்னெல்லாம் எழுதியிருக்கானுவ பாருங்கம்மா." நாலு வரி படித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அதையெல்லாம் இங்கே எழுத எனக்குக் கை வராது. அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: படம் கொடுத்தது அவர்கள், சரியென்றது பெற்ற தாய், நான் வெறும் டெய்லர். ஆனால் சந்தில் யாராவது, "உங்க டிரெஸ்தானே அது?" என்று கேட்டால், காது கேட்காத மாதிரி மெஷினை வேகமாக மிதித்தேன்.

இவ்வளவு நடந்த பிறகு நிறுத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். சண்டை கூடக் கூடப் பார்க்கிறவர்களும் கூடினார்கள் போலிருக்கிறது. அடுத்த வாரத்துக்கும் அதே மாதிரி உடுப்பு வேண்டுமென்றார்கள். அதையும் தைத்து அனுப்பினேன். ஆமாம், தைத்தேன். எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பிள்ளை டிரெஸ்ஸைப் போட மாட்டேன் என்று உடை மாற்றும் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள், ஏதோ ஃபிட்டிங் சரியில்லை, உடனே ஊசி நூலோடு வா என்றார்கள். மாஹிம் ஸ்டேஷனுக்கு ஓடி லோக்கல் பிடித்தேன். கோரேகாவ் பக்கத்தில் செட். வெளிக் கேட்டில் முப்பது நாற்பது பேர் அட்டை பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படம் எடுக்கச் செய்திச் சேனல் கேமராக்கள். தையல் பையைக் காட்டி உள்ளே நுழைந்தேன்.

அறைக் கதவுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவள், லீவு மேல் லீவு போட்டுப் பிள்ளையைக் கூட்டி வருகிறவள். "கதவத் தொறம்மா, இவ்வளவு ப்ராக்டிஸ் பண்ணி எல்லாம் வீணாப் போயிடும்மா" என்று கெஞ்சினாள். பக்கத்தில் உடைப் பெண். கையில் வாக்கிடாக்கி, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பந்த்ரா மினிட், தீதி" என்று என்னிடம் பதினைந்து நிமிஷக் கணக்குச் சொல்லிவிட்டு, மாற்றுச் சாவி எங்கே என்று தேடிப் போனாள்.

நான் கதவில் தட்டினேன். "நான்தான் தைச்சவ வந்திருக்கேன். எங்க பிடிக்குது, சொல்லு கண்ணு."

கொஞ்சம் கழித்துக் கதவின் அடியிலிருந்த இடைவெளி வழியாக அந்த டிரெஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினாள். கசக்கி எறிந்திருக்கிறாள். பிறகு குரல் வந்தது.

"ஸ்லீவ் வைப்பீங்களான்னு அன்னிக்கே கேட்டேன்ல ஆன்ட்டி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஸ்கூல் வேன் அங்கிள் அந்த வீடியோவ போன்ல வச்சிருக்காரு. அதப் பாத்துட்டு, கண்ணாடில என்னையே பாக்குறாரு. எனக்கு வேன்ல போகவே பயமா இருக்கு."

அம்மாவுக்கு இது தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். நின்றிருந்த இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஒரே வேலை. தரையில் உட்கார்ந்து, வாசலில் கிடந்த டிரெஸ் கவரைக் கவிழ்த்தேன். மிச்சத் துணியைச் சுருட்டி உடுப்போடு வைத்துக் கொடுப்பது என் பழக்கம். துணியை அமுக்கிவிட்டாள் என்று ஒருத்தர் என்னைச் சொல்லக் கூடாது. அந்தச் சுருள் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. அளவு நாடாகூட எடுக்கவில்லை, கையாலேயே அளந்து முழு நீள ஸ்லீவாக வெட்டினேன். "ஸ்லீவ் வைக்கேன்டி, இப்பவே வைக்கேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டுத் தையல் போட்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஊசி பிடிக்கிற நான் அன்றைக்கு இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

ஒரு ஸ்லீவ் முடிந்தது. இரண்டாவதை மடிக்கும்போது உடைப் பெண் சாவியோடும் ஓர் ஆளோடும் வந்துவிட்டாள். என் மடியில் இருந்ததைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தாள். யாரைக் கேட்டுத் தைத்தாய், டைரக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், இனிமேல் இந்தப் பக்கம் உனக்கு வேலையே கிடையாது என்று இந்தியில் பொரிந்து தள்ளினாள். நான் ஊசியைக் கீழே வைக்கவில்லை. அந்த ஆள் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனான்.

அம்மா எழுந்தாள். அதுவரை ஒரு வார்த்தை அதட்டிப் பேசாதவள் கதவில் முதுகைச் சாய்த்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். "சாவி மத் லகாவோ" என்று அவனைத் தடுத்தாள். பிறகு தலையைத் திருப்பி, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னாள். "யாரும் தொறக்க மாட்டாங்கம்மா. நீ எப்ப வரியோ வா. நாம வீட்டுக்குப் போலாம்."

உடைப் பெண் ஒப்பந்தம், கேஸ் என்று என்னென்னவோ சொல்லி மிரட்டினாள். அம்மா நகரவில்லை. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, தெரியாது. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்கூல் யூனிஃபார்மோடு, அழுது வீங்கின முகத்தோடு பிள்ளை வெளியே வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். டிரெஸ்ஸையும் அள்ளிக்கொண்டு அவர்களோடு வெளிக் கேட்டுக்குப் போனதும்தான் தீரவில்லை என்று தெரிந்தது. கூட்டத்தில் ஒருத்தர் அவளை அடையாளம் கண்டு, அதே பிள்ளைதான் என்று "வோஹி பச்சி ஹை!" கத்தினார். கேமராக்கள் அப்படியே எங்கள் பக்கம் திரும்பின. அது கேமராக்காரர்களோடு நிற்கவில்லை. குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்று அட்டை பிடித்திருந்தவர்களே அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை நீட்டினார்கள். பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். கையிலிருந்த குடையை விரித்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். "தள்ளுங்கல! உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படி எடுப்பீங்களால?" என்று தமிழிலேயே கத்தினேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. புரிந்தாலும் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு மட்டும் என்ன இருந்தது?

எப்படியோ ஆட்டோவில் ஏறினோம். மூவரும் நனைந்துபோயிருந்தோம். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு பிள்ளை என் மடியில் கிடந்த டிரெஸ்ஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு ஸ்லீவும் வைப்பீங்களா ஆன்ட்டி?"

வைத்தேன். உடம்பையும் தாராளமாக விட்டு, கீழே பாவாடை மாதிரி இறக்கி, முழுசாக மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். அம்மா ஸ்கூலில் போய்ச் சொல்லி அந்த வேன்காரனை வேலையிலிருந்து நிறுத்த வைத்தாள். அந்த வருஷம் ஆண்டு விழாவில் பிள்ளை அதே டிரெஸ்ஸில் ஆடினாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை, கூப்பிட்டும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. டிவி வேலை அதோடு போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது எந்தப் பிள்ளை அளவு கொடுக்க வந்தாலும், கூட வந்தவர்கள் பேசும் முன்னால் அந்தப் பிள்ளையிடம்தான், "உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்கிறேன். சில அம்மாக்கள் முகத்தைச் சுளிப்பார்கள், நான் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் இதையே கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை ஒரு கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டி வந்திருக்காது என்பது மட்டும் இன்னும் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது.